தொட்டி மண்ணில் ஓணான் முட்டை

லேக் கார்டன்ஸ் பகுதியில் நான் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருக்கிறது. வீட்டுக்கார மாமி அதன் ஓரத்து மண்ணில் மட்டும் கையால் தண்ணீர் தெளிக்கிறார்.

"அங்க ஓணான் முட்டையிட்டிருக்கு," என்கிறார். "போன வருஷம் சுவரோரமா தரையில இட்டுது. மழையே வரலை. மண்ணு காஞ்சு முட்டையெல்லாம் சுருங்கிப் போயிடுத்து."

"இந்த வருஷமும் மழையைக் காணோமே மாமி?"

"அதான் ஊருக்குக் கிளம்பலை. பொண்ணு சென்னைக்குக் கூப்பிட்டுண்டே இருக்கா. ஓணானுக்காகன்னு சொன்னா சிரிப்பா. டிக்கெட் கிடைக்கலைன்னு சொல்லியிருக்கேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மண் லேசாக அசைகிறது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. மாமி பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறார். குட்டி முழுதாக வெளியே வந்து, மண் ஒட்டிய உடம்போடு கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறது. பிறகு விளிம்பில் ஏறிக் குரோட்டன்ஸ் செடிகளுக்குள் ஓடிவிடுகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்று வருகிறது. அப்புறம் எதுவும் அசையவில்லை.

"மத்ததும் வருமா மாமி?"

"தெரியலையே," என்கிறார். உள்ளே போய் ஒரு பழைய குடையை எடுத்துவந்து தொட்டிக்கு நிழலாக விரித்து வைக்கிறார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.