பிள்ளை மடுவத்து அக்கா

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது பிரசவ லீவு முடிந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியை. கணவருக்குப் பதுளை டவுனில் கடை வேலை. அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர்; ஒரு நாள் நின்றால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. அதனால் கொழுந்து மலைக்குப் போகும் எல்லாத் தாய்மாரையும் போல நானும் குழந்தையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டேன்.

தகரக் கூரை, சிமெண்டுத் தரை, குறுக்குக் கம்பியில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார், "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். அவர் பொறுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே கதவைத் திறக்க வேண்டும். கடைசித் தாய் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கும்வரை பூட்ட முடியாது. பால் கரைப்பது, கழுவிவிடுவது, துணி அலசுவது, யாருக்காவது காய்ச்சல் கண்டால் தாய் எந்த மலையில் நிற்கிறாள் என்று விசாரித்து ஆள் அனுப்புவது, எல்லாம் அவர் ஒருவர்தான்.

மகளுக்குப் பதினோரு மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாலை, பிள்ளையைத் தூக்கப் போன என்னை அக்கா நிறுத்தினார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"பாப்பாவுக்குக் காது சரியா கேக்கலைன்னு நெனைக்கிறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பத்து நாளுக்கு முன் பால்மாவு டின் மூடி கை தவறி விழுந்ததாம். தொட்டிலில் கிடந்த அத்தனை பிள்ளைகளும் திடுக்கிட்டு எழுந்து அழ, என் மகள் மட்டும் அசையாமல் தூங்கினாளாம். நல்ல தூக்கக்காரி என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அதன் பிறகு கவனித்துப் பார்த்திருக்கிறார்.

"பின்னால நின்னு கூப்புட்டா திரும்பல டீச்சர். தரை அதிர்ந்தா திரும்புது, நெழல் விழுந்தா திரும்புது. அதனால செருப்பக் கழட்டி வச்சிட்டு, நெழல் விழாத பக்கமாப் போய்க் கூப்புட்டுப் பாத்தேன். மூணு நாளும் திரும்பல."

எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை வளர்ச்சி என்று தனிப்பாடமே படித்தவள் நான். "எம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா. நீங்க பாட்டுக்கு எதையாவது சொல்லிட்டுத் திரியாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன்.

இரண்டாம் நாள் பகல், மகள் சீப்பு ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று கரண்டியால் தட்டைத் தட்டினேன். அவள் சீப்பின் பல்லை விரலால் வருடிக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாகத் தட்டினேன். அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து "என்னா டீச்சர்?" என்று ஒரு குரல் வந்தது. என் மகள் திரும்பவில்லை. அப்போது பகல் சாப்பாட்டுக்கு வந்த அம்மா வாசலில் நின்றார். வெளிச்சம் மறைந்ததும் பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று மாலையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அக்கா வாசலுக்கு வந்தார். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன் டீச்சர்" என்றார். மறுநாள், பென்ஷன் வாங்கிய ஒரு பாட்டியம்மாவை மடுவத்தில் உட்கார வைத்துவிட்டு, அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் என்னோடு பதுளைக்கு வந்தார்.

கிளினிக்கில் டாக்டர் சிங்களவர், நிதானமானவர். எப்போது முதல் சந்தேகம், எந்த மாதிரிச் சத்தத்துக்குத் திரும்புகிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் சிங்களத்தில் சொன்னார். இடது பக்கம் கை தட்டினால் சில நேரம் கண் அசையும். ஏழாம் மாதத்தில் மூன்று நாள் காய்ச்சல் வந்தது. மழலை கொஞ்ச நாள் இருந்து, பிறகு குறைந்துபோனது. காய்ச்சல் எனக்கும் ஞாபகம் இருந்தது. மழலை குறைந்ததை நான் கவனிக்கவே இல்லை.

டாக்டர் அவரைப் பார்த்து, "அம்மா நீங்கதானே?" என்று கேட்டார்.

"இல்லைங்க, இவங்கதான் அம்மா. நான் மடுவத்துல பிள்ளைங்களப் பாக்குறவ."

"எத்தனை பிள்ளைகள்?"

அக்கா எண்ணிக்கையைச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இப்படிப்பட்ட பிள்ளைகள் மூன்று நான்கு வயதில், பேச்சு வரவில்லை என்றுதான் இங்கே வருவார்கள். நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள்" என்றார். வெளியே வந்ததும் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பிள்ளைக்குப் பசிக்கும் என்று பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்.

சோதனைகளுக்கு அலைந்து, காதுக்கருவி கைக்கு வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. அதை மாட்டிய மறுநாள் மடுவத்துக்குக் கொண்டுபோனேன். மற்றப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு மிரண்டு அழத் தொடங்கினாள். அழுத வேகத்தில் தன் சத்தமே காதில் விழ, சட்டென்று நிறுத்தி உற்றுக் கேட்டாள். பிறகு மறுபடி அழுதாள், மறுபடி நிறுத்தினாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதன் பிறகு ஒரு நாள், டவுனிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவர் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தது. கொழுந்து எடுக்கிற பெண்ணின் கைக்கு வருவதைவிட அது குறைவு. அவளுக்கு அதிகமாக எடுக்கும் கிலோவுக்கு ஏதாவது சேரும், இவருக்கு அதுவும் இல்லை.

"ஏன்க்கா அப்படி?"

"ஒக்காந்து பாக்குற வேலைதானேங்கிறாங்க டீச்சர்."

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும், அக்காவுக்குச் சம்பளம் கூட்டச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மகளுக்கு நடந்ததை எல்லாம் விவரமாக எழுதினேன். தாய்மார் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சம்பளம் கூடவில்லை; ஒரு மாதம் கழித்து, மடுவத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

அக்கா அவற்றைத் துடைத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, "ஒக்காருற வேலைக்கு நாற்காலி வந்துருச்சு" என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று சிரித்தாலும், இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறு வருடம் அவருடைய மகள் உயர்தரம் படிக்க ஏ.எல். வகுப்புக்குப் போனாள். டியூஷன் செலவு தாங்கவில்லை. கொழும்பில், படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். இங்கே கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு சம்பளம். "போகவா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போவதற்கு முந்தின நாள், புதிதாக வருகிறவளுக்காக என்னை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒருவனுக்கு இடது பக்கம் சாய்த்துக் கிடத்தினால்தான் தூக்கம். ஒருத்தி பாலைக் கடகடவென்று குடித்துக் கக்குவாள், இடையில் நிறுத்த வேண்டும். ஒருவனுக்கு மத்தியானம் வயிறு நோகும், யாரிடமும் சொல்ல மாட்டான், மூலையில் போய் நிற்பான். மூன்று பக்கம் நிறைந்தது. நான் வகுப்பில் எந்தப் பிள்ளையைப் பற்றியும் அரைப் பக்கம்கூட எழுதியதில்லை.

புதிதாக வந்தவள் நான்கு மாதம் இருந்துவிட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. பேச்சு சற்றுத் தட்டையாக வரும், ஆனால் நிறுத்தாமல் பேசுவாள். போன தீபாவளிக்கு அக்கா இரண்டு நாள் லீவில் வந்தார். காலை பஸ்ஸில் வந்தவரை அழைத்துவர நானும் மகளும் சந்திக்குப் போனோம். சந்தியிலிருந்து அவர் வீட்டுக்குப் பத்து நிமிட நடைதான். வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. லயத்து வாசல்களில் எல்லாம் பிள்ளைகளை இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். அவர் ஒவ்வொரு முகத்தையும் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "பல்லு விழுந்துருச்சா? வயித்து வலி போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தவர் வழியில் நான்கு வீட்டில் பலகாரம் சாப்பிட்டார். நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.