மாஸ்டரும் ஹால் தரையும்

ஆணித் தலைகளை உள்ளே இறக்கும் வேலையை மாஸ்டர் யாரிடமும் கொடுப்பதில்லை. அந்தச் சனிக்கிழமையும் சின்ன அறையின் சாமான்களை எல்லாம் வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, முட்டிக்குக் கீழே ஒரு பழைய தலையணையை மடித்து வைத்துக்கொண்டு, மரத்தரையைப் பலகை பலகையாகத் தடவிக்கொண்டு போனாள். விரலில் ஆணி தட்டினால் அதன் மேல் இரும்புக் குச்சியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டு தேவைப்பட்டால் முகம் கடுகடுக்கும். ஒரு தலை மிச்சம் இருந்தாலும் தரை இழைக்கும் மெஷினில் சுற்றியிருக்கும் உப்புத்தாள் கிழிந்து நாசமாகிவிடும்.

அவளுக்கு மாஸ்டர் என்ற பெயர் தரை வேலையால் வந்ததல்ல. இருபத்தாறு வருஷமாக ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறாள். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி, மேலே கோடு போட்டு, மெஷின் கத்தியை அந்தக் கோட்டில் ஓட்ட வேண்டும். கத்தி ஒரு நூல் தள்ளிப்போனால் நாற்பது சட்டைக்கும் கை கோணல். அவளுக்கு முன் அந்த மேஜையில் நின்ற கட்டிங் மாஸ்டர்கள் எல்லோரும் ஆண்கள். இவள் வந்த பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பெயர் வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. புருஷன்கூடக் கோபம் வந்தால் "என்னங்க மாஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவருக்குத் தரைவிரிப்புக் கடை. சுருள் சுருளாக நிற்கும் வினைல் விரிப்பை விற்பதோடு நில்லாமல், வாங்கியவர் வீட்டுக்கே போய் ஒட்டியும் தருவார். மரம் போல ஒன்று, கல் போல ஒன்று. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பளபளப்பு. கடைக்காரர் ஊருக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்க, அவர் பெண்டாட்டி வீட்டில் உரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெருவுக்கே பெரிய சிரிப்பு.

போன வருஷம் பின் அறையில் குழாய் வெடித்ததில் ஆரம்பித்தது இது. விரிப்பு உப்பி, மூலையில் எழும்பி நின்றது. ஞாயிற்றுக்கிழமை புதுசு போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் அளவெடுக்கக் குனிந்தபோது, அவள் அந்த மூலையைத் தூக்கிக் கீழே பார்த்தாள்.

"வேண்டாங்க. இது இப்படியே இருக்கட்டும்."

"எது? இந்த அழுக்குப் பலகையா?"

"அழுக்கு மேலதான் இருக்கு."

வாடகைக்கு எடுத்து வந்த மெஷின் முதல் நாள் அவளை அறை முழுக்க இழுத்துக்கொண்டு ஓடியது. பயந்துபோய் ஓரிடத்தில் நின்றாள். அவள் நின்றாள், மெஷின் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். இன்றைக்கும் கட்டிலின் ஒரு கால் அதில்தான் நிற்கிறது. புரண்டு படுத்தால் கட்டில் ஆடும். அதற்குப் பிறகு நடக்க ஆரம்பித்த பின்தான் மெஷினைத் தரையில் இறக்குவாள், நடந்துகொண்டே தூக்கியும் விடுவாள். முதலில் முரட்டுத் தாள், அடுத்து நடுத்தரம், கடைசியில் நைஸ். அவசரப்பட்டு நடுவில் ஒன்றைத் தாண்டினால், வார்னிஷ் அடித்ததும் கீறல்களெல்லாம் எழுந்து பல்லைக் காட்டும். துணியில் இழை ஓடும் திசை தெரிந்தவளுக்கு மரத்தின் ரேகையைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உதிர்ந்த தூளைச் சலித்து, அறைக்கு ஒரு டப்பாவாக மூடி, தொழிற்சாலையில் துணிக்கட்டுக்கு எழுதுவது போல மேலே சாக்கட்டியால் எழுதி வைப்பாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், சமையலறையில் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"அண்ணி, இது காபித்தூளா?"

"பின் அறை."

"என்னது?"

"பின் அறைத் தூளும்மா. பசையில குழைச்சுப் பலகை இடுக்குல அடைக்கணும். ஒவ்வொரு அறைக்கும் மரம் ஒவ்வொரு நிறம். மாத்தி வெச்சா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இளிக்கும்."

"நல்லவேளை கேட்டேன். ரெண்டு ஸ்பூன் மாடிக்கு எடுத்துட்டுப் போக இருந்தேன்."

"கொண்டுபோய்க் குடி. வயித்துல இடுக்கு இருந்தா அடைச்சுக்கும்."

மாஸ்டரின் கைவேலை தொழிற்சாலையிலும் பேச்சாயிற்று. தையல் பிரிவு சூப்பர்வைசர் வீட்டுக்கு மூன்று நாள் லீவு போட்டுத் தரை இழைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் கேட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "முதல்ல உங்க வீட்டுத் தரையைக் காட்டுங்களேன்."

படுக்கையறையைத் திறந்து காட்ட முடியுமா? கட்டிலும் துவைக்காத துணியுமாகக் கிடக்கும். காட்டக்கூடியது ஹால்தான். ஆனால் ஹால் தரை கடைக்காரருடையது. கடை வைப்பதற்கு முன்னால், இரவல் கத்தியை வைத்துக்கொண்டு அவர் முதன்முதலாக ஒட்டிய விரிப்பு அது. இருபத்திரண்டு வருஷத்தில் ஓரம் எழும்பவில்லை. நடுவில் இரண்டு துண்டு சேரும் இடம் உண்டு. சந்தேகப்படும் வாடிக்கையாளர்களை வீட்டுக்கே கூட்டி வந்து, "எங்க சேருதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்பார். கண்டுபிடித்தவர் கிடையாது. அப்படி வந்து குனிந்து தேடியவர்கள்தான் பெரிய ஆர்டர் எல்லாம் கொடுத்தார்கள்.

மாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. "அடுத்த மாசம் கட்டிங் மேஜையை விட்டுடப் போறேன். இனிமே தரை வேலைதான். ஆளுங்களுக்குக் காட்ட எனக்கு ஹால் வேணுங்க."

"எனக்கும் வேணும்" என்றார் அவர். பேச்சு அங்கேயே நின்று இரண்டு வாரம் ஆகிறது.

சின்ன அறைக்கு வார்னிஷ் அடித்துக் காய்ந்த வாரத்தில், கடைக்காரர் ஒரு பொருட்காட்சிக்காக இரண்டு நாள் வெளியூர் போனார். நாத்தனார் மாடியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி வந்தாள்.

"அண்ணா இல்ல. இதான் சமயம். உரிச்சுடுங்க அண்ணி, நானும் வர்றேன்."

"அவர் ஒட்டினதை அவர் இல்லாதப்ப உரிக்க மாட்டேன்."

"அப்ப இந்த ஜென்மத்துல நடக்காது."

மாட்டேன் என்று சொன்னவள்தான். ஆனாலும் இரண்டாம் நாள் மத்தியானம், கீழே என்ன மரம் என்று மட்டும் பார்க்கலாமே என்று அலமாரியை நகர்த்தி, அதன் பின்னால் ஒரு முழ அளவு விரிப்பைக் கிழித்தாள். மற்ற அறைகளில் ஓரங்களில் மட்டும்தான் பசை. இங்கே தரை முழுக்கப் பசை, தேன் நிறத்தில் இறுகிக் கிடந்தது. கை மெஷினை வைத்தாள். சூட்டில் பசை இளகித் தாளில் அப்பிக்கொண்டது. தாளை மாற்றி இன்னும் அழுத்தினாள், இன்னும் அப்பியது. மூன்று தாள் போயிற்று. மரத்தின் நிறம்கூடத் தெரியவில்லை. இதற்கு என்ன வழி என்று வீட்டிலேயே ஒருவருக்குத் தெரியும். அவரைத்தான் கேட்க முடியாது.

அவரோ சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பியதும் வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினார்.

"இது என் பசை வாசனையாச்சே."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று நாத்தனார் மாடிக்கு ஓடிவிட்டாள்.

கடைக்காரர் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர் கத்தப்போகிறார் என்று மாஸ்டர் நிமிர்ந்து நின்றாள். தன் வேலையை மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"எத்தனை தாள் போச்சு?"

"மூணு."

"மூணுதானா? முப்பது கொடுத்தாலும் தின்னும்." அவர் குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. "என்னங்க மாஸ்டர், பசைக்குப் போய் யாராவது மெஷின் வெப்பாங்களா? இஸ்திரிப் பெட்டியைக் கொண்டா. ஒரு பழைய துணி. சுரண்டி."

ஈரத்துணியைப் பசை மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து இருபது எண்ணினார். துணியை எடுத்துச் சுரண்டியைப் படுக்கையாகத் தள்ளியதும் பசை நாடா நாடாவாகச் சுருண்டு வந்தது. "பாரு, இன்னும் எப்படிப் பிடிச்சிருக்கு!" என்று ஒரு நாடாவைத் தூக்கிக் காட்டினார். ஒரு முழம் முடிந்தது. அடுத்த பலகையின் பசையையும் காட்டுவதற்காக விரிப்பை அவரே இன்னும் ஒரு முழம் கிழித்தார். கிழித்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

மரம் செம்மண் நிறத்தில் எழுந்து வந்தது. விரிப்பு ஒட்டுவதற்கு முன் அவர் அளவுக்குப் போட்ட பென்சில் கோடு, சுவரை ஒட்டி அதில் ஓடியது. மாஸ்டர் கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் நீளம் பார்த்தாள்.

"நூல் கட்டிப் போட்டீங்களா?"

"ஆமா. சுவர் கோணல்."

"சுவரை நம்பாம விட்டீங்களே, அது பெரிசு. எங்க மேஜைல சேர்த்துக்கலாம் உங்களை."

அவர் சிரித்தார். கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "மெஷின் ஓட்டினா இது போயிடுமா?" என்று கேட்டார்.

"போயிடும். முதல் தாள்லயே."

பொய் சொல்லியிருக்கலாம். தொழில் விஷயத்தில் அது அவளுக்கு வராது. அவர் தலையாட்டினார். துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, மூன்றாவது பலகையின் மேல் போட்டு, பெட்டியை அதற்கு நகர்த்தினார்.

"அப்ப இனிமே வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டறது?"

மாஸ்டர் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். இன்னொரு சுரண்டியை எடுத்துவரப் பின் அறைக்குப் போனாள்.