வேலியில் செருகிய காற்றாடி

இதை எழுத இத்தனை வருஷம் தயங்கினேன். கோயிலுக்குப் போய்க் கும்பிடும்போதெல்லாம், எழுதுகிறேன் தாயே என்பேன். வீட்டுக்கு வந்தால் கை ஓடாது. நான் ஆறாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

மலாயாவில் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த சமயம், செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட்டில் காவல்காரர் துப்பாக்கியோடு நிற்பார். இடுகாடு வேலிக்கு வெளியே போய்விட்டது. மண்மேடுகள் கண்ணுக்குத் தெரியும். அங்கே போக அனுமதி கேட்க வேண்டும்.

அடுத்த வீட்டில் சித்தப்பா இருந்தார். பால் மரம் வெட்டுகிறவர்தான், ஆனால் மூங்கிலும் வர்ணத்தாளும் கையில் கிடைத்தால் ஆளே வேறு. மாரியம்மன் திருவிழாவுக்குச் சப்பரம் கட்டுவது அவர்தான். பாடைக்குக் காகிதப் பூ வெட்டுவதும் அவர்தான். அந்த ஒரு வருஷத்தில் சாவு வரிசையாக வந்தது. சுடப்பட்டவர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் காய்ச்சலில் போனவர்கள். எல்லாருக்கும் சித்தப்பா பூ வெட்டினார். கடைசியாக வெட்டியது அவருடைய மகளுக்கு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒன்பது. காய்ச்சல் முற்றிய ராத்திரி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஊரடங்கு என்று கேட்டைத் திறக்கவில்லை. விடிந்து லாரி வந்தபோது அவள் உயிர் போயிருந்தது.

அதற்குப் பிறகு சித்தப்பா கத்தரிக்கோலைத் தொடவில்லை. திருவிழா நெருங்கியதும், தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வந்து கெஞ்சினார்.

“எதை வெட்டுனாலும் பாடைப் பூவாத்தான் விழுது மண்டோரே. அம்மனுக்கு அதையா கட்டுறது?” என்றார் சித்தப்பா.

“வேற யாரப்பா இருக்கா? எனக்குத் தாள் வெட்டத் தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்?”

“கை வரல. விட்டுடுங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா வீட்டுப் பரணில் விறகு எடுக்கப் போனேன். சுருட்டி வைத்த ரோஸ் நிறத் தாள் அகப்பட்டது. ஆசையாக இருந்தது. நேரே அவரிடம் நீட்டி, “காத்தாடி செஞ்சு குடுங்க சித்தப்பா” என்றேன்.

“எங்கேருந்து எடுத்தே?”

“பரண்ல.”

சித்தி உள்ளேயிருந்து பதறி ஓடிவந்து தாளைப் பிடுங்கப் பார்த்தாள். சித்தப்பா விடவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தாளை வீணாக்குகிறேன் என்று கோபம் போல, அடி விழும் என்று நினைத்தேன். அவரோ, “கத்தரிக்கோலக் கொண்டா” என்றார்.

நான்கு இதழாக மடக்கி ஈர்க்குச்சியில் குத்தினார். ஊதினார். சுற்றியது. மறுபடி ஊதினார். சிரித்துவிட்டார்! சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு காற்றாடி கிடைத்தது.

மறுநாளே சித்தப்பா மண்டோரைத் தேடிப் போய், “மூங்கிலுக்குச் சொல்லுங்க” என்றார். வேலை முடிந்து வந்து கோயில் வாசலில் உட்கார்ந்தால் சீட்டியடித்துக்கொண்டே பூ வெட்டுவார். “பாரு பாப்பா, இது செம்பருத்தி. சாமிப் பூ” என்று தூக்கிக் காட்டுவார். ஒட்டுவதற்கு ஆளுக்கொரு பிடி சோறு கொண்டுபோவோம். “கூப்பன் அரிசியில நமக்கே பத்தல, இவளுக்குக் காயிதம் ஒட்டச் சோறு!” என்று அம்மா திட்டிக்கொண்டே உருண்டை பிடித்துத் தருவாள்.

எனக்கு ஒரு குறை இருந்தது. எல்லாருக்கும் காற்றாடி இருக்கிறது, சித்தப்பா மகளுக்கு இல்லையே. ஒரு சாயங்காலம் என்னுடையதை இடுகாட்டுப் பக்கத்து வேலிக்கம்பியில் செருகிவிட்டு, காவல்காரர் பார்ப்பதற்குள் ஓடிவந்துவிட்டேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி கையில் என் காற்றாடி. காட்டிலிருப்பவர்களுக்கு அடையாளம் காட்டியது யார் என்று கேட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் வாயை இறுக்கிப் பொத்தியது.

“நான்தான்” என்றார் சித்தப்பா. “புள்ளைங்க வெளையாட்டுச் சாமான், தொவான். நான் செஞ்சது.”

அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவரை லாரியில் ஏற்றக் கூட்டிப் போனார்கள். என்னைத் தாண்டும்போது நின்றார். திட்டுவார் என்று பயந்தேன். குனிந்து, “நல்லா சுத்துச்சா பாப்பா?” என்று கேட்டார்.

செருகியதும் ஓடிவந்தவள் நான். சுற்றியதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் தலையை ஆட்டினேன். அவர் ஏறிப் போய்விட்டார். சில மாதம் அடைத்துவைத்து, சித்தியோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மறுபடி நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் அம்மன், மேல்தட்டில் மட்டும் பூவும் கீழே வெறும் மூங்கிலுமாக இருந்த சப்பரத்தில் வலம் வந்தாள்.

ஏதோ பொம்மையைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த ரோஸ் தாள் மகளின் பாடைக்கு வெட்டியதில் மிஞ்சியது என்று அம்மா சொல்லித் தெரிந்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

அவர் காட்டுக்காரர்களுக்குக் கொடி காட்டியவர் என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. தியாகி என்று சொல்கிறவர்களும் உண்டு. இதை யாரிடமாவது சொன்னால் அந்த இரண்டு பேச்சையும் இதில் சேர்க்காதீர்கள். வேலியில் செருகியவள் நான். அது சுற்றியதா என்று எனக்குத் தெரியாது. அதையும் அப்படியே சொல்லுங்கள்.