சீஸை விட்ட புண்ணியவதி

நாங்கள் இருக்கும் இந்த அயர்லாந்துச் சிற்றூரில் வருஷத்துக்கு நாற்பது நாள் ஒரு வேடிக்கை நடக்கும். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலம் அது. பால் வாங்கப் போனால் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றால் பக்கத்தில் நிற்பவர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் எதை விட்டீங்க?" ஒருவர் சாக்லேட்டை விட்டிருப்பார், ஒருவர் ஒயினை. அதற்கு ஆகும் காசை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுவைத்து ஈஸ்டருக்குச் சர்ச்சில் கொடுத்தால், கடல் தாண்டி ஏதாவது ஏழை ஊருக்குப் போகும். நாங்களும் பென்னாகரத்தில் புரட்டாசி முழுக்கக் கறியை விடுவோம். ஆனால் மிச்சமான காசை யாருக்கும் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு மாசத்துக் கறியையும் சேர்த்துத் தின்றுவிடுவோம். பெருமாளும் ஒன்றும் கேட்டதில்லை.

மகள் கல்பனா இங்கே நர்ஸ். அவள் டியூட்டிக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு மேரி. என்னைவிடப் பத்து வயசு மூப்பு, வாய் மட்டும் இளமை. புதன்கிழமைகளில் அவளுடைய சர்ச் ஹாலில் டீ உண்டு. நான் சர்ச்சுக்காரி இல்லை, டீக்காரி. போன வருஷம் அங்கே என் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுத்து, எதை விடுகிறாய் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. "சீஸ்" என்றேன். ஹாலே உச்சுக் கொட்டியது. மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சீஸ் என்றாலே நனைந்த சோப்பு மாதிரி. வந்த நாள் முதல் வாயில் வைத்ததில்லை.

கல்பனாவிடம் சொன்னபோது அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ எப்ப சீஸு தின்ன, இப்ப அத வுடறதுக்கு?"

"தின்னாத்தான் வுடணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது? கேட்டாங்க, சொன்னேன்."

"வெத்தலய வுட்டிருந்தீன்னா நெசம்."

"அடிப்பாவி, பெத்தவள உசுர வுடச் சொல்றியே!"

வெற்றிலை இங்கே விமானத்தில் வருகிறது. நான் விமானம் ஏறியதைவிட அதிகத் தடவை அது ஏறியிருக்கும். விலையும் அப்படித்தான்.

அடுத்த புதன்கிழமை ஹால் சுவரில் ஒரு படம் மாட்டினார்கள். ராகிக் கொல்லை, பின்னால் மலை. அந்த வருஷக் காசு அங்கேதான் போகிறதாம். ஃபாதர் ஊர்ப் பெயரை மென்று மென்று சொன்னார்: தருமபுரி. எங்கள் ஜில்லா! பஸ் ஏறாத ஒரு மலையூருக்கு, நோயாளிகளைக் கீழே இறக்க ஒரு ஜீப்பு. ஹாலே என் பக்கம் திரும்பியது. "உங்களுக்கு ஜீப் வரப்போகுது, சந்தோஷமா?" என்று ஒரு அம்மா கேட்டாள். எனக்கில்லை, மலைக்காரர்களுக்கு என்று விளக்கப் போனேன். என் இங்கிலீஷைக் கேட்ட ஃபாதர், நான் ஜீப்பே வேண்டாம் என்கிறேன் என்று பதறிவிட்டார்.

அந்த மலையடிவாரத்தில் ஒருநாள் நான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். நாலு பேர் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கி வந்தார்கள். இறக்கிவைத்ததும், "தண்ணி இருக்குதுங்களா ஆயா?" என்றாள் அவள். கொடுத்தேன். பஸ் வருவதற்குள் அங்கேயே பிரசவம். பெண்குழந்தை, வீறிட்டு அழுதது. தாயும் பிழைத்தாள். அன்று பிழைத்தார்கள். எல்லா நாளும் அப்படி அமையாது என்று தூக்கிவந்தவர்கள் முகமே சொன்னது.

கையில் டீ ஆறிப்போனது. அந்த ஜீப்புக்குப் போகிற பெட்டியில் நான் விட்டது ஒன்றுமே இல்லை. கல்பனா போட்ட சில்லறைதான். எழுந்து நின்றேன். "ஐ சீஸ் நோ ஈட். நெவர். சீட்டிங்." மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து ஃபாதர் முன்னால் வைத்தேன். "திஸ் ஐ லவ். திஸ், ஃபினிஷ்."

திடீரென்று மேரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் விட்ட ஒயினை டாக்டர் அதற்கு முந்தின வருஷமே நிறுத்திவிட்டாராம். சாக்லேட்டை விட்ட அம்மா கேக்கில் இருப்பது கணக்கில்லை என்றாள். ஃபாதர் டீக்குச் சர்க்கரையை விட்டு, பிஸ்கட்டை இரண்டு கூட்டியிருந்தார். அன்று எல்லோரும் புதிதாக விட்டோம். ஃபாதர் பிஸ்கட், மேரி வாரா வாரம் காசு கட்டி ஆடும் பிங்கோ.

மிச்ச நாளெல்லாம் ஆடு மாதிரி புதினாவை மென்றேன். பிங்கோ நேரத்தில் மேரி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து பெருமூச்சு விடுவோம். பெட்டிகள் கனத்தன. ஜீப்பு உறுதியாகிவிட்டது. ஈஸ்டர் அன்று மலையூருக்கு அனுப்ப எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

அதை மாரண்டஹள்ளியில் இருக்கும் தங்கச்சி ராஜாத்திக்கும் அனுப்பினேன். ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை நான் ஹாலில் இருந்தபோது கூப்பிட்டாள். "ஏன்க்கா, வெள்ளக்காரிங்க நடுவுல உன் சீலயக் கட்டிக்கிட்டு நிக்கிறது எந்த வூட்டு வெள்ளக்காரி? வாயெல்லாம் வெளுத்துக் கெடக்குது!" அதே நேரம், அன்று புதிதாக வந்திருந்த ஒரு அம்மா சுவரில் மாட்டியிருந்த அதே ஈஸ்டர் படத்தில் என்னைத் தொட்டுக் காட்டி, "இவங்க நன்றி சொல்ல மலையிலிருந்து வந்தவங்களா?" என்று என்னையே கேட்டாள். நான் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, போனுக்கு ஒரு தலையாட்டு, அவளுக்கு ஒரு தலையாட்டு, இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன்.