பெரியம்மாவை எழுதிய அம்மா

அம்மா இல்லாத முதல் வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் ‘குடும்பத்துக்கு உழைத்தவர், விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்று எழுதினால் போதும், நாவல் பேச்சு வேண்டாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அம்மா உழைத்தவர்தான். விருந்தோம்பலில் சிறந்தவர்தான். ஆனால் அவர் ஒரு நாவலாசிரியர்.

படாளத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த அம்மாவின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். திருமணமாகிச் சதுரங்கப்பட்டினம் வந்தவர், எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சமையல் மேடையில் நின்றபடியே எழுதினார். மொத்தம் நான்கு நாவல்கள்.

இரண்டாவது நாவல் அவருடைய அக்காவைப் பற்றியது. புகுந்த வீட்டில் அடி தாங்காமல் கிணற்றில் விழுந்து இறந்தவர் எங்கள் பெரியம்மா. ‘கால் தவறி விழுந்தாள்’ என்றே குடும்பம் சொல்லிவந்தது. புத்தகம் வெளியானதும் மாமா, அம்மாவின் அண்ணன், அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“இன்னாம்மா எழுதி வச்சிகீற? செத்துப் போனவள இன்னாத்துக்குத் தெருவுக்கு இஸ்துகினு வர? அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சிப் போடு.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. “அக்கா மூணு வாட்டி நம்ம வூட்டுக்கு வந்துச்சி, ண்ணா. மூணு வாட்டியும் நீதான் பஸ் ஏத்தி வுட்ட. அத எங்கேர்ந்து கிழிக்கறது?”

மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதன்பின் எங்களுக்குப் பத்திரிகை வைக்காமலே சொந்தத்தில் பல திருமணங்கள் நடந்தன. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வரியையும் மாற்றவில்லை.

ஒருநாள் மதுராந்தகத்திலிருந்து ஒருவர் தம் மகளோடு வந்தார். “இவள புருசன் வூட்டுலயே திருப்பிக் கொண்டு போய் வுடறதா இருந்தேம்மா. உங்க புக்க படிச்சிட்டு வுடல,” என்றார். அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, அம்மா மறுபடி சமையல் மேடையில் நின்று எழுதத் தொடங்கினார்.

கடைசி மாதங்களில் மருத்துவமனைக் கட்டிலில் நான்காவது நாவலின் அச்சுப்படியைத் திருத்தினார். பென்சில் பிடிக்க முடியாமல் போனபோது நான் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் அழுகை வந்து நிறுத்திவிட்டேன். “அழாம படி. அழுதா தப்பு கண்ணுல படாது,” என்றார். திருத்தி முடித்த நான்காம் நாள் எங்களைவிட்டுப் பிரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டச்சு செய்துகொடுத்த அப்பாவுக்கும், யாரும் வெளியிட முன்வராத நாவல்களை அச்சிட்ட செங்கல்பட்டு அச்சக அண்ணனுக்கும், இறுதிவரை பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், இறுதிச் சடங்குக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்து நின்ற மாமாவுக்கும் எங்கள் நன்றி.

பெரியம்மாவின் பெயர் குமுதவல்லி. அம்மா நாவலில் வேறு பெயர் வைத்திருந்தார். இங்கே நான் மாற்றவில்லை.