பெரிய வியாழன் படம்

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வியாழனன்று சீடர்களின் இடத்தில் ஃபாதர் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஃபாதருக்கு அழுக்கைக் காட்டக் கூடாதாம். வருடா வருடம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இந்த வருடம் பங்குப் பேரவைத் தலைவருக்கு ஒரு யோசனை. "நம்ம ஆளுங்க காலையே எத்தன வருஷம் கழுவுறது? வெளிநாட்டுத் தொழிலாளிங்கள உக்கார வைப்போம் லா. சமூக நீதின்னு வாயாலயே பேசிட்டிருந்தா போதுமா?" என்றார். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

பங்கு மண்டபத்துப் பின்னறையில் அப்போது ஒரு தம்பி தங்கியிருந்தான். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். ஜுரு தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு விழுந்து வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. முதலாளி ஒரு துணிக்கட்டு மட்டும் போட்டு மறுநாளே வேலைக்கு நிறுத்தினான். பாஸ்போர்ட்டும் அவனிடம். தம்பி நொண்டிக்கொண்டே எங்களிடம் ஓடி வந்தான். உடனே அவனுடைய வேலை பெர்மிட்டை ரத்து செய்தான் அந்த முதலாளி. இனி வெளியே தலை தெரிந்தால் இமிகிரேஷன் பிடித்துக்கொண்டு போய்விடும். தொழிலாளர் இலாகாவில் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான். ஈஸ்டர் முடிந்த வாரம் விசாரணை. அதுவரை அவன் ஒளிந்திருந்தால் போதும், காலுக்கு வைத்தியமும் பாஸ்போர்ட்டும் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

தலைவர் அவனையும் பன்னிரண்டில் சேர்த்தார். அவன் என்னைத்தான் பார்த்தான்.

"வேணாங்க்கா. யாராச்சும் பாத்துருவாங்க."

"கோயிலுக்குள்ளதானே தம்பி, எவன் வரப்போறான்? சும்மா வா," என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பூசையில் இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் வலது காலைத்தான் கழுவுவது வழக்கம். அவன் கட்டைப் பிரித்துக் காலை நீட்டியதும் தலைவர் பதறிப்போய் அவன் காதருகே குனிந்தார். "தம்பி, அத உள்ள இழுத்துக்க. நல்ல கால நீட்டு. படத்துல நல்லாருக்காது." எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் காலுக்காக நீதி கேட்டு அலைகிறோமோ, அந்தக் காலை அவன் நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டான். ஃபாதர் இடது காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். பாடகர் குழு உருகி உருகிப் பாடியது. பூசை நடுவில் சத்தம் போடுவது மரியாதையில்லை என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்ன பொல்லாத மரியாதை!

மறுநாள் சிலுவைப் பாதைக்குக் கிளம்பும்போது பங்கின் ஃபேஸ்புக்கைப் பார்த்தேன். பளிச்சென்று அவன் முகம். 'எங்கள் மண்டபத்தில் அடைக்கலம் பெற்றிருக்கும் சகோதரர்' என்று விளக்கம் வேறு. ஐயோ, முகவரியைக்கூட விட்டுவைக்கவில்லையே! தலைவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எடுங்க அத! இப்பவே எடுங்க!"

"ஏம்மா கத்துற? எத்தன பேரு ஷேர் பண்ணிட்டாங்க தெரியுமா? சிங்கப்பூர்லருந்துகூட பாராட்டுறாங்க."

மத்தியானம்தான் எடுத்தார். சனிக்கிழமை காலை இமிகிரேஷன் வேன் வந்து மண்டப வாசலில் நின்றது. கூடவே தொழிற்சாலை சூப்பர்வைசர், கைப்பேசியில் அந்தப் படத்தோடு. தம்பிக்குச் செருப்புப் போடக்கூட நேரம் கொடுக்கவில்லை. "அவனுக்காக ஜெபிப்போம்மா," என்றார் தலைவர். ஜெபமாம்! வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அது ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்தான் முடிந்திருக்கும்.

விசாரணைக்கு நான் மட்டும் போனேன். எதிரே முதலாளி சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தான். அதிகாரி தம்பியின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். தடுப்பு முகாமில் இருக்கிறான், அங்கிருந்து வரவழையுங்கள் என்று கெஞ்சினேன். அது வேறு இலாகா என்றார். புகார் கொடுத்தவர் வரவில்லை என்று எழுதிக் கோப்பை மூடப்போனார்.

வரவில்லை என்று எழுதாதீர்கள் என்று மலாயில் கத்தினேன். கோயில்காரர்கள் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுங்கள், முதலில் என் பெயரைப் போடுங்கள் என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.