கண்ணின் நீளம்

எனக்கும் அக்காவுக்கும் கிட்டப்பார்வை. அது தெரியாமலே அக்காவுக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. கருங்கல் என்ற ஊருக்கு மேற்கே எங்கள் கிராமம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அக்கா சபையார் நடத்திய லேஸ் பள்ளியில் வேலை செய்தாள். திண்டில் குத்திய ஊசிகளுக்கு நடுவே நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அந்த வேலை. முகத்தைத் திண்டில் ஒட்ட வைத்துக்கொண்டு பின்னுவாள். இழை தப்பாது. கிட்டத்தில் இருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. எட்டத்தில் இருப்பவை எல்லோருக்கும் அப்படிக் கலங்கலாகத்தான் தெரியும் என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அப்பா என்று நினைத்து வேறொருவர் கையைப் பிடித்துவிட்டாள் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினாள்.

“எனக்கு ஆளு தெரியல்லம்மா. வெள்ளை வேட்டி மட்டும்தான் தெரிஞ்சுது” என்றாள் அக்கா.

 அப்பா அந்த வாரமே எங்கள் இருவரையும் மாட்டுவண்டியில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி.

டாக்டர் வெள்ளைக்காரர். நெடுங்காலம் இங்கேயே இருந்தவர். வேதபுத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொண்ட தமிழ் பேசுவார். எங்கள் கண்ணில் மருந்து விட்டு, கண்மணிகள் விரியும்வரை காத்திருக்கச் சொன்னார். பிறகு ஒரு ஸ்கேலை மூக்கின்மேல் குறுக்கே வைத்து, இந்த மணிக்கும் அந்த மணிக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். ஒரு தட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் கறுப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம். நடுவில் ஒரு துவாரம். அதன் வழியே பார்த்தால் அந்த வட்டங்கள் எங்கள் கண்ணின்மேல் எப்படி விழுகின்றன என்று அவருக்குத் தெரியுமாம். இன்னொரு கருவியில் தாடையை ஊன்றி அசையாமல் உட்கார வைத்து, பித்தளை வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் இருட்டறையில், சிறு கண்ணாடியால் விளக்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றி வைத்தார்.

முடிந்ததும் அப்பாவிடம் சொன்னார்: “கண்ணின் முன்பக்கம் இரண்டு பேருக்கும் சரியாகவே இருக்கிறது. ஆகையால் குறை நீளத்தில். கண் உருண்டையாக இருக்க வேண்டும். இவர்களுக்கு அது பின்பக்கமாக நீண்டிருக்கிறது. பெரியவளுக்கு மிகவும்.”

“எவ்வளவு நீளம், அய்யா?” என்று அப்பா கேட்டார். கணக்கு வாத்தியார் அவர்.

“உயிரோடு இருக்கிறவர் கண்ணின் நீளத்தை அளக்க என்னிடம் ஒரு கோலும் இல்லை. வில்லையின் பலத்தைக் கொண்டு ஊகிக்கிறேன். நீளுகிற கண்ணின் உள்ளே இருக்கிற திரை மெலிந்துபோகும், கிழியவும் கூடும். கனம் தூக்கக் கூடாது. தலையில் அடிபடக் கூடாது.”

மதராசிலிருந்து கண்ணாடிகள் வந்ததும் அதே வண்டியில் போய் வாங்கி வந்தோம். திரும்புகிற வழியில் அக்கா வாயே மூடவில்லை. வேளிமலை உச்சியில் மரம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வயலில் நின்ற வெள்ளைக் குச்சிகள் கொக்குகளாகிப் பறந்தன. வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு என் காதில், “ஏட்டி, அப்பாவுக்கு இவ்வளவு நரையா?” என்று கேட்டாள். அதன்பிறகுதான் பேச்சு நின்றது.

அதிலிருந்து வருஷம் ஒருமுறை போய் அளந்துகொண்டு வருவோம். என் வில்லையின் பலம் ஒரு நிலையில் நின்றுவிட்டது. அக்காவுடையது நிற்கவில்லை.

கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார் என்பதுதான் அம்மாவின் பெரிய கவலை. பெண் பார்க்க வந்த அன்று அதைக் கழற்றி ஒளித்து வைத்தாள். அக்கா தேடி எடுத்துப் போட்டுக்கொண்டே வந்து நின்றாள்.

“எனக்கும் அவிய மொகம் தெரியாண்டாமா?” என்றாள் அம்மாவிடம், வந்தவர்கள் காதில் விழும்படியாகவே.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பூதப்பாண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாயிற்று. என் அத்தானைப் போல மனைவியை வைத்துக்கொண்ட ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் குடம் சுமப்பதும் அவர்தான். ஊரார் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வந்ததற்கு யார்மேலாவது பழி போட முடிந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை.

முதலில் ஒரு பெண் குழந்தை. சில வருஷம் கழித்து ஒரு ஆண். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, அக்காவுக்கு வலக்கண்ணில் மின்னல் வெட்டுவது போல வெளிச்சம் அடித்தது. மறுநாள் அந்தக் கண்ணுக்குக் கீழ்ப்பாதி தெரியாமல் போனது. அத்தான் அவளைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் அப்போது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு ஓடினேன்.

“வயலுல தண்ணி கேறுத மாதிரி கீழ இருந்து கேறுது, ஏட்டி. இப்பம் இந்தக் கண்ணுல உனக்க நெத்தி மட்டும்தான் தெரியுது” என்றாள்.

திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டர். இரண்டு கண்ணையும் கட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, தலை அசையாமல் இருபுறமும் மணல்பைகளை வைத்தார்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டும். இருமக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. ஒட்டினால் ஒட்டும்.

குழந்தையை அருகில் விட டாக்டர் சம்மதிக்கவில்லை. பால் கட்டி அவள் மார்பு கல்லாக இருந்தது. நான்தான் துணியை நனைத்து ஒற்றியெடுப்பேன். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வருவாள். அவன் அழுகுரல் கேட்டால் அக்காவின் கைவிரல்கள் பாயை இறுக்கிப் பிடிக்கும். தலை மட்டும் அசையாது.

“அவனுக்கு மூக்கு எப்பிடி வருது? உனக்க அத்தானுக்க மூக்கா?”

“இல்லக்கா. நம்ம அப்பாக்க மூக்கு. நல்லா பரந்து கெடக்கு.”

“போ ஏட்டி, சிரிக்க வச்சிராத” என்றாள். உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று கட்டுக்குக் கீழே தெரியவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் வெகுநேரம் பார்த்தார். திரை ஒட்டவில்லை.

“வெளிநாட்டில் கிழிந்த இடத்தைச் சுட்டு ஒட்டவைக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். நான் செய்ததில்லை. உன் மனைவியின் கண்ணில் செய்து பழக எனக்குத் துணிவில்லை” என்று அத்தானிடம் சொன்னார்.

“மதராசுக்குக் கொண்டு போறேன், அய்யா.”

“கொண்டு போகலாம். அங்கே செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் குலுங்கிப் போனால் மற்றக் கண்ணுக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது.”

 அக்காதான் பேசினாள். “ஒரு கண்ணு இருக்குல்லா? அது மதி, அதே போதும். நாம வீட்டுக்குப் போவம். பிள்ளைக்குப் பால் குடுக்கணும்.”

வீட்டுக்குப் போனாள். பால் வற்றியிருந்தது.

அடுத்த கண் சில வருஷம் தாங்கியது. அதற்குள் நான் வாத்திச்சியாகிவிட்டேன். அன்று நடந்ததை அத்தான் சொல்லித்தான் கேட்டேன். அறுப்பு முடிந்த சமயம். முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். மின்னல் அடித்திருக்கிறது. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அத்தான் பஸ்ஸுக்கு ஓடப் பார்த்தார்.

“பஸ்ஸு பெறவு வரும். பிள்ளையள மொதல்ல கூப்பிடுங்க” என்றிருக்கிறாள்.

குழந்தைகள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். எங்களைப் போன்றவர்களுக்கு மூக்குக்கு நேரே இருப்பது வெறுங்கண்ணுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணோடு கண் ஒட்ட இழுத்து வைத்துப் பார்த்தாள். புருவம், பல், தாடையில் இருந்த மச்சம். பிறகு மகனை. அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறான்.

“நீங்களும் வாருங்க” என்று அத்தானை அழைத்து, அவரையும் அப்படியே பார்த்தாள். பிறகுதான் பஸ் ஏறினாள்.

மறுபடியும் கட்டும் மணல்பையும். பலன் இல்லை. வெளிச்சம் மட்டும் மிஞ்சியது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும் அளவுக்கு.

நான் அவளோடு இருக்கப்போன விடுமுறையில், அவள் மகள் புத்தகத்தை முகத்தோடு சேர்த்துவைத்துப் படிப்பதைப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா பதறவில்லை.

“நான் அறிஞ்சாச்சு. வாசிக்கும்போ சத்தம் தாளுக்குள்ள அடைபட்டு வருது. நீ கொண்டு போய் அளந்துட்டு வா. உள்ளதைச் சொல்லு.”

கொண்டுபோனேன். டாக்டருக்கும் வயதாகியிருந்தது. அதே தட்டு, அதே வட்டங்கள். குழந்தை தாடையை ஊன்றிக்கொண்டு, அவை தேன்குழல் மாதிரி இருக்கின்றன என்றது. கண் நீண்டுதான் இருக்கிறது, எதுவரை நீளும் என்று சொல்ல முடியாது என்றார். அன்று என்னையும் உட்காரவைத்து அளந்தார். என் அளவு மாறவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அது நிம்மதியாக இருந்தது போலத் தோன்றியது.

கண்ணாடி வந்ததும் அக்கா அதைக் கேட்டு வாங்கினாள். வில்லையின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தடவினாள். பிறகு தன்னுடைய பழைய கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். ஒன்றை மாற்றி ஒன்றைத் தடவினாள். கண் நீள நீள வில்லையின் விளிம்பு தடிக்கும். லேஸ் நூலின் பருமனை அறிந்த விரல்கள் அவை.

“எனக்க கண்ணாடியைக் காட்டிலும் கனம் கொறவுதான். இல்லியா?”

“கொறவுதான்க்கா. ஆனா பிள்ளைக்கு எட்டு வயசுதானே ஆகுது.”

அவள் தலையாட்டினாள். மகளைக் கூப்பிட்டு, காதுக்குப் பின்னால் கம்பியைச் சரியாக மாட்டிவிட்டாள். மகள் முற்றத்துக்கு ஓடினாள். தெருவில் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அக்கா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.